வெள்ளிக்கிழமைப் படங்கள்

அன்று ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள்:

தங்கசாமி அண்ணாச்சி, உரிமையாளர். சிமெண்ட் வியாபாரத்தை மச்சினனிடம் கொடுத்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

சுமதி, ஸ்கேன் எடுப்பவள்.

ஞானபூரணம் அக்கா, கூட்டித் துடைப்பவர்.

ஏஞ்சல், புளியங்குடிக்காரி, இருபத்துமூன்று வயது. அவளுடைய அப்பா ஏசுவடியான் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஸ்கேனுக்காகப் பெஞ்சில் காத்திருந்த ஒன்பது பேர். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.

நான், இசக்கித்துரை. கழுகுமலை ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அதற்கு முன் சென்னையில் நான்கு வருடம் இரவு ஷிப்டில் சர்வர் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டு வந்தவன். காரணம் இங்கே தேவையில்லை.

அண்ணாச்சி போன் செய்தபோது காலை பத்தேகால்.

"ஏலே துரை, சர்வர் மக்கர் பண்ணுது. மதுரைக்காரன் நாளைக்குத்தான் வருவானாம். ஒரு எட்டு வந்துட்டுப் போ."

போனேன். ஸ்கேன் அறையில் சுமதி கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்து நின்றாள். திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரே செய்தி. டிஸ்கில் எழுத முடியவில்லை.

"காலையில மொத கேஸே ஏறல. எடுக்குதேன், எடுத்தது மெஷின்ல நிக்குது, சர்வருக்குப் போகமாட்டேங்குது. இதுல ரிப்போர்ட் எழுதுத டாக்டர் வேற போன் மேல போன் போடுதாரு" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். நோயாளி என்று நினைத்தேன். கையில் பெரிய எக்ஸ்ரே கவர் இருந்தது.

"அண்ணே, நீங்கதான் சர்வர் பாக்க வந்தவங்களா? எங்கப்பா படம் அதுக்குள்ளதான் இருக்கு. எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள். அதுதான் ஏஞ்சல்.

விஷயத்தை அவள் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். ஏசுவடியான் எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவர். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, லாரியிலிருந்து விழுந்தார். வயிற்றில் அடி. இந்த சென்டரில்தான் நரம்பில் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் சின்னக் கிழிசல், தானாக ஆறிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். ஆறவில்லை. முந்தின நாள் சாயந்திரம் உள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்துத் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் சிறுநீரகமும் பாதிதான் வேலை செய்கிறது என்று தெரிந்தது.

"தொடை வழியா ஒயர் விட்டு, ரத்தம் வர்ற குழாய அடைச்சிரலாமாம். அதுக்கும் சாயம் விடணுமாம். மறுபடி ஸ்கேனுக்கும் சாயம் ஏத்தி, அதுக்கும் ஏத்துனா கிட்னி தாங்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு. பழைய படம் முழுசும் இருந்தா எந்தக் குழாய்னு தெரிஞ்சிரும், ஒரு தடவையோட முடிச்சிரலாம்னாரு. ஒரு மணிக்குள்ள வேணும்ணே. அதுக்கு மேல காத்திருக்க முடியாதாம், வயித்தத் திறக்கணுமாம்."

"கையில வச்சிருக்கியே, அது என்ன?"

"பிலிம். இதுல இருபத்துநாலு படந்தான் இருக்கு. எடுத்தது எண்ணூறுக்கு மேலயாம். இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு. நேத்துலருந்து இங்க போன் போடுதோம், யாரும் எடுக்கல. அதான் மொத பஸ்ல வந்துட்டேன். அம்மா மட்டுந்தான் அப்பாகூட இருக்கு."

ஒரு மணி. என் கைபேசியில் பத்து ஐம்பது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் சர்வர் இருந்தது. ஏசி ஓடியது. சர்வரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. அதற்குக் கீழே டிஸ்க் பெட்டி. சர்வருக்குள் ஒரு சின்ன டிஸ்க்தான். நான்கு வருடப் படங்களும் இந்த வெளிப்பெட்டியில், எட்டு டிஸ்குகளில் இருந்தன. ஒரு கேபிள் இரண்டையும் இணைத்தது. பெட்டியில் ஏழு பச்சை விளக்கு. ஒன்று மட்டும் ஆரஞ்சு.

"பெட்டி போச்சு அண்ணாச்சி" என்றேன். உள்ளே போய் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சர்வர் சர்வீஸ் பார்க்கும் மதுரைக்காரன் பாண்டிராஜுக்குப் போன் போட்டோம்.

"அந்த ஆரஞ்சு ஆறு மாசமா எரியுது சார். மாத்தச் சொல்லி மெயில் போட்டுருக்கேன், அவருதான் மாத்தல. எட்டுல ஒண்ணு போனா ஓடும். ரெண்டாவது போச்சுன்னாத்தான் மொத்தமும் போகும். கேபிள மாத்திப் பாருங்க."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓடுதுல்லா, ஓடட்டும்னு விட்டேன்" என்றார்.

கடைக்குப் போய் அந்த வகைக் கேபிள் தேடி எடுத்துக்கொண்டு வர நாற்பது நிமிடம் போயிற்று. மாற்றினேன். சர்வரை நிறுத்தி ஓட்டினேன். சிவப்புக் கட்டம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். பெட்டியில் இடம் தாராளமாக இருந்தது. சர்வருக்குள் இருந்த சின்ன டிஸ்க்தான் நிரம்பியிருந்தது. நூற்றுப் பதினோரு ஜிபியில் துளி இடம் பாக்கியில்லை. எடுக்கிற படம் நேராகப் பெட்டிக்குப் போவதில்லை. முதலில் சின்ன டிஸ்கில் இறங்கி, அப்புறம் பெட்டிக்கு மாறுகிறது. இறங்க இடமில்லை என்றால் எழுத முடியவில்லை என்றுதான் சொல்லும். ஆரஞ்சு விளக்கு என்னை ஒரு மணி நேரம் ஏமாற்றியிருந்தது. விளக்கைக் குறை சொல்லி என்ன செய்ய? பார்த்தவன் நான்.

எதை அழித்தால் இடம் வரும் என்று தேடினேன். லாக் கோப்புகள் மட்டும் ஒன்பது ஜிபி இருந்தன. சர்வர் தனக்கு என்ன நடந்தது என்று மணி நிமிடத்தோடு எழுதி வைக்கும் குறிப்பு அது. சென்னையில் புதிதாகச் சேர்கிற பையன்களுக்கு நான் முதல் நாளே ஒன்று சொல்வேன். லாக்கைப் படிக்காமல் அழிக்காதே. அழித்தால் உன் கண்ணை நீயே நோண்டிக்கொள்கிறாய்.

அழித்தேன். வெளியே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரம் ஓடியது. படிக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிவப்புக் கட்டம் மறைந்தது. காலையில் எடுத்த படங்கள் வரிசையாக ஏற ஆரம்பித்தன. அண்ணாச்சி என் முதுகில் தட்டினார்.

"மூளக்காரன்லே நீ! சுமதி, அடுத்த ஆள படுக்கப் போடு. துரை, ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்பு."

பன்னிரண்டு ஐந்து.

"எங்கப்பா படம்?" என்றாள் ஏஞ்சல்.

சுமதி பெயரை அடித்துத் தேடினாள். வந்தது. ஏசுவடியான், ஐம்பத்திரண்டு வயது, மூன்றாம் தேதி, எண்ணூற்று நாற்பத்திரண்டு படங்கள். ஏஞ்சலின் முகம் விரிந்தது. சுமதி அந்தப் பெயரைத் தொட்டாள். கோப்பு இல்லை என்று வந்தது. மறுபடி தொட்டாள். இல்லை.

"பேரு இருக்கு, படம் இல்லயே" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"நீ அனுப்பியிருந்தா இருக்கும்லா? அன்னைக்கி போன நோண்டிட்டு இருந்திருப்ப" என்றார் அண்ணாச்சி.

"அனுப்பாம பேரு எப்படி ஏறும் அண்ணாச்சி? என் மேல போடாதிய."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுட்டி."

"அப்ப காலையிலருந்து எழுத முடியல எழுத முடியலன்னு அது சொன்னப்ப, நீங்க எதுக்கு அதோட மண்டையில தட்டுனிய?"

பெஞ்சிலிருந்து ஒருவர் சிரித்தார். ஏஞ்சல் சிரிக்கவில்லை.

"ஸ்கேன் மெஷின்ல இருக்குமா?" என்று கேட்டேன்.

"அதுல ஒரு வாரந்தான் நிக்கும். தானா அழிஞ்சிரும்" என்றாள் சுமதி.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "பிள்ள, ஒண்ணு செய்வமா? அப்பாவ இங்க கூட்டிட்டு வா. புதுசா எடுத்துத் தாரேன். பைசா வேண்டாம்."

ஏஞ்சல் அவரையே பார்த்தாள். அவள் காலையிலிருந்து சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை என்று தெரிந்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"சாயம் ஏத்த முடியாது அண்ணாச்சி. ஆம்புலன்ஸ்ல ஏத்தவும் முடியாது" என்றாள் மெதுவாக.

நான் சர்வர் அறைக்குத் திரும்பினேன். அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது, படங்கள் எங்கே போயின என்பது ஒரே ஓர் இடத்தில் எழுதியிருந்தது. அதைத்தான் பத்து நிமிடத்துக்கு முன்னால் அழித்திருந்தேன். அழித்ததை மீட்க ஒரு வழி உண்டு. ஆனால் புதிதாக எதுவும் அதன் மேல் எழுதப்படக் கூடாது. வெளியே சுமதி அடுத்த ஆளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படமும் அந்தக் காலி இடத்தில்தான் இறங்கியது.

ஓடிப்போய், "ஸ்கேன நிறுத்தணும்" என்றேன்.

"நிறுத்தவா? இப்பத்தானவே சரி பண்ணுன!" என்றார் அண்ணாச்சி. "ஒம்பது பேரு உக்காந்திருக்கான். ரெண்டு பேரு சிவகிரிலருந்து வந்திருக்கான்."

சுமதி என்னைப் பார்த்தாள். ஏஞ்சலைப் பார்த்தாள். பிறகு மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, டியூப் சூடாயிட்டு. அரை மணி நேரம் ஆறணும். இல்லன்னா வெடிச்சிரும், மாத்த இருபது லட்சம்" என்றாள்.

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். டியூப் சூடாகவே இல்லை. அது எனக்கும் தெரியும்.

அரை மணி நேரம் லாக்கை மீட்கப் பார்த்தேன். துண்டு துண்டாகத்தான் வந்தது. நான்கு நாளைக்கு முந்தியது கொஞ்சம், போன மாதத்தது கொஞ்சம். வெள்ளிக்கிழமை மட்டும் வரவில்லை. காலையில் எடுத்ததும் இப்போது எடுத்ததுமாக மூன்று பேரின் படங்கள் ஏறியிருந்தன. அவை அதன் மேல் விழுந்திருக்க வேண்டும்.

ஏஞ்சலின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா. இப்ப வந்துரும்மா" என்று ஒவ்வொரு முறையும் அதையே சொன்னாள். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ எடுத்தவள் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். வைத்தபின் என்னிடம் வந்தாள்.

"பிரஷர் எறங்குதாம்."

மணி ஒன்று.

வேறு எதுவும் தோன்றாமல் கணக்குப் போட்டேன். டிஸ்கில் இப்போது நிரம்பியிருப்பது நூற்று இரண்டு ஜிபி. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, அதற்குள் இருப்பதைக் கூட்டினேன். அறுபத்தைந்துதான் வந்தது. மறுபடி கூட்டினேன். அறுபத்தைந்து. முப்பத்தேழு ஜிபி எங்கே என்று தெரியவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை.

அடுத்து, எந்தெந்தப் படங்கள் இல்லை என்று பார்த்தேன். ஏசுவடியான் மட்டும் இல்லை. வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதில் ஆரம்பித்துத் திங்கட்கிழமை வரை முப்பத்தோரு பேருடைய பெயர் இருக்கிறது, படம் இல்லை.

வெளியே வந்து கத்தினேன். "ரெண்டாம் தேதி, வியாழக்கெழமை, பதினொண்ணு இருபதுக்கு இங்க என்ன நடந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"விஜயதசமிலா?" என்றார் அண்ணாச்சி. "மொத நாளு ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, சந்தனம் குங்குமம் வச்சு, பூசணிக்கா ஒடச்சோம். மறுநாளு நல்ல நேரத்துல ஆன் பண்ணுனோம். பதினொன்றரையோட நல்ல நேரம் முடியுது. அதுக்குள்ள போட்டுட்டோம்."

"எதை மொதல்ல போட்டிய?"

"சர்வரத்தான். பெருசுலா அது. அத நான்தான் என் கையால போட்டேன்."

"பெட்டிய?"

"பெட்டியும் போட்டுருப்போம்ல. ஏய் ஞானபூரணம், பெட்டிய யாரு போட்டது?"

ஞானபூரணம் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். அவரைப் பார்த்தால் அடி வாங்க வந்தவர் மாதிரி இருந்தது.

"என்னையக் கேட்டா? நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. குங்குமம் வைக்கச் சொன்னிய, வச்சேன். மால போடச் சொன்னிய, போட்டேன்."

"பெட்டிய ஆன் பண்ணுனியான்னுதான கேக்குதேன்."

"பெட்டிக்கு எங்க பிளக்கு இருந்தது? நீங்கதான சாமி படத்துக்கு சீரியல் செட்டு போடணும்னிய. அந்த ரூம்ல இருக்கதே ரெண்டு ஓட்டை. ஒண்ணுல சர்வரு. இன்னொண்ணக் கழத்தித்தான் லைட்டு போட்டது."

"நானா கழத்தச் சொன்னேன்?"

"கழத்தாம எங்க அண்ணாச்சி சொருக? என் மூக்குலயா?"

"அப்புறம் எப்பக்கா திரும்ப மாட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம. கோயிலுக்குப் போயிட்டு வந்து லைட்டக் கழத்துனேன். அந்தப் பிளக்கு கீழ கெடந்துச்சு, மாட்டி விட்டேன். மறுநாளு மாசாந்தரக் கரண்டுக் கட்டு. எல்லாம் நின்னு திரும்ப வந்துச்சு. தப்பாய்யா?"

"இல்லக்கா" என்றேன். "இல்ல."

அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஏஞ்சலுக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே இங்கேயும் சொல்கிறேன். சுவரில் ஒரு சின்ன அலமாரி இருக்கிறது, அதுதான் சர்வருக்குள் இருக்கும் சின்ன டிஸ்க். அதன் முன்னால் ஒரு பெரிய பீரோ நிற்கிறது, அதுதான் வெளிப்பெட்டி. அங்கே வை என்றால் எல்லாரும் பீரோவில்தான் வைப்பார்கள். ஒருநாள் பீரோவை எடுத்துவிட்டார்கள். சர்வருக்கு அது தெரியாது. அதே இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தது. நான்கு நாள் சுவர் அலமாரியில் வைத்தது. திங்கட்கிழமை கரண்ட் போய் வந்து சர்வர் புதிதாகத் தொடங்கியபோது பீரோவைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்திவிட்டார்கள். அலமாரி பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. சாமான் எங்கேயும் போகவில்லை. நிரம்பிக் கிடந்ததும் அதனால்தான். எழுத முடியவில்லை என்று சர்வர் சொன்னதும் அதனால்தான்.

"அப்ப பீரோவ நகத்துங்க" என்றாள் ஏஞ்சல்.

அண்ணாச்சி வாசலை மறித்து நின்றார்.

"துரை, நில்லு. நாலு வருஷம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. அதுல ஒண்ணு ஏற்கெனவே செத்துக் கெடக்கு. நீ கழத்தி, திரும்ப மாட்டயில ஏறலன்னா?"

"கரண்ட நிறுத்த மாட்டேன். சர்வர்ல இருந்து பிரிச்சு மட்டும் விடுவேன்."

"ஏறலன்னா என்னலே செய்ய?"

"ஏறலன்னா போச்சு அண்ணாச்சி."

"நாலு வருஷம் வே! பதினெட்டாயிரம் பேரு! ஒருத்தனுக்காக..."

முடிக்காமல் நிறுத்தினார். அந்த ஒருத்தனின் மகள் அவருக்கு எதிரே நின்றிருந்தாள். அவள் கெஞ்சவில்லை. அழவும் இல்லை. எக்ஸ்ரே கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, வழி விடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சி நகர்ந்தார். "நான் இதப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போய் அங்கே நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பிரிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். சர்வர் மறுத்தது. யாரோ பெட்டியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றது. யார் என்று அலசினேன். ரிப்போர்ட் எழுதும் டாக்டர் எங்கோ வெளியூரில் உட்கார்ந்து பழைய படம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். சுமதி அவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. சாப்பிடப் போயிருப்பார். மூன்றாவது தடவை அடிக்கும்போது, நானே அவருடைய இணைப்பைத் துண்டித்தேன்.

பெட்டி பிரிந்தது. அது இருந்த இடத்து ஃபோல்டர் ஒரு நொடி காலியாகத் தெரிந்தது. புதுப்பித்தேன். முப்பத்தோரு பெயர்கள் வந்தன. பதினேழாவது பெயர் ஏசுவடியான்.

"இருக்கா?" என்றாள் ஏஞ்சல் பின்னாலிருந்து.

"இருக்கு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஞானபூரணம் அக்கா வந்து அவள் தலையைத் தன் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பாக ஜெபம் பண்ண ஆரம்பித்தார்.

எண்ணூற்று நாற்பத்திரண்டையும் முதலில் என் லேப்டாப்பில் இறக்கினேன். பிறகு மற்ற முப்பது பேருடையதையும் இறக்கினேன். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, ஆனால் இந்தத் தடவை எதையும் விட்டுவிட எனக்குத் தைரியமில்லை. அது ஓடும்போதே ஏசுவடியானின் படங்களைத் திருநெல்வேலிக்கு அனுப்பத் தொடங்கினேன். நானூற்று நாற்பது எம்பி. சென்டர் நெட் எழுபத்தொன்று சதவீதத்தில் அறுந்தது. திட்டவும் தோன்றவில்லை. என் கைபேசி நெட்டில் போட்டேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று ஏறியது.

அப்போது ஏஞ்சலிடம் சொன்னேன். "பன்னெண்டு மணிக்கு ஒரு பதிவ அழிச்சேன். அழிக்காம படிச்சிருந்தா இத அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன். ஒரு மணிக்கு முன்னாலயே போயிருக்கும்."

அவள் திரையில் ஏறும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத அப்புறம் பேசிக்கிடலாம்ணே" என்றாள். "இப்ப எத்தன?"

"நாப்பத்தி மூணு."

நூறு ஆனபோது மணி இரண்டு எட்டு.

பெட்டியைச் சர்வரோடு திரும்பச் சேர்த்தேன். சேர்ந்தது. ஏழு பச்சை, ஒரு ஆரஞ்சு. சுமதி வெளியே போய் ஆட்டோவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அண்ணாச்சி இறங்கி வந்தார். நேராகப் பெட்டியிடம் போய் ஏழு பச்சையையும் விரலால் எண்ணிப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்களில் யாரும் எப்போது என் ஸ்கேன் என்று கேட்கவில்லை.

இரண்டு இருபதுக்குத் திருநெல்வேலியிலிருந்து டாக்டரே கூப்பிட்டார். ஏஞ்சல் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"படம் வந்துவிட்டது. தெளிவாக இருக்கிறது. எந்தக் குழாய் என்று தெரிகிறது."

"அப்ப ஒயர் விட்டு அடைச்சிரலாமா சார்?"

அவர் பக்கத்தில் யாரிடமோ பிரஷர் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்தார்.

"ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அப்படிச் செய்திருக்கலாம்மா. இப்போது பிரஷர் நிற்கவில்லை. வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும். ஆனால் எங்கே போக வேண்டும் என்று இப்போது தெரியும். உள்ளே தேட வேண்டியதில்லை. அது பெரிய விஷயம். ரத்தம் இருக்கிறது. இப்போதே எடுத்துப்போகிறோம்."

"பொழச்சிருவாங்களா சார்?"

"முயற்சி செய்கிறோம்" என்றார். வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம். அதை அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். ஏஞ்சல் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். அந்த அம்மாவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியவில்லை. முதலில் கூரை தெரிந்தது, பிறகு யாரோ ஒருவரின் செருப்பு, பிறகு ஒரு தள்ளுவண்டியின் சக்கரம்.

"எம்மா, போன நிமுத்திப் பிடிம்மா. அப்பாவக் காட்டு."

படம் ஆடி ஆடி நிமிர்ந்தது. வண்டியில் ஒரு மனிதர் படுத்திருந்தார். கன்னம் ஒட்டி, வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் காலையிலிருந்து பெயராகவும் எண்ணாகவும் மட்டுமே பார்த்தவர். இரண்டு பேர் வண்டியைத் தள்ளினார்கள். அந்த அம்மா பக்கத்திலேயே ஓடியதால் எல்லாம் குலுங்கியது.

"எப்பா" என்றாள் ஏஞ்சல். "எப்பா, நான் ஏஞ்சலு. படம் அனுப்பிட்டம்ப்பா. கேக்குதா?"

அவர் தலை இந்தப் பக்கம் திரும்பியது மாதிரி இருந்தது. வண்டி குலுங்கியதாலும் இருக்கலாம்.

நர்ஸ் ஒருத்தி குறுக்கே கையை நீட்டி அம்மாவை நிறுத்தினாள். வண்டி உள்ளே போயிற்று. வெள்ளைக் கதவு இரண்டு பக்கமிருந்தும் வந்து மூடியது. உள்ளே தாழ் போடும் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.